பதினைந்து றாத்தல் மணல்

நடந்தவை, வரிசையாக:

1. ஐப்பசி மழையில் ஒரு காலை, தேயிலை மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த என் அக்கா, நிறைந்த கூடையோடு மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் கால் சிக்கி விழுந்தாள். இடது தொடை எலும்பு நடுவில் முறிந்தது.

2. தோட்டத்து டாக்டரையா தேயிலைப் பெட்டிப் பலகைகள் இரண்டை வைத்துக் காலைக் கட்டி, அவளை லொறியில் ஏற்றி, நான் தாதிப் பயிற்சியில் இருந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

3. சர்ஜன் அவள் முழங்காலுக்குக் கீழே எலும்பின் குறுக்கே ஓர் எஃகு ஊசியைச் செலுத்தினார். அதில் கயிறு கட்டி, கட்டிலின் கால்மாட்டில் இருந்த கப்பி வழியாகப் பதினைந்து றாத்தல் மணல் பையைத் தொங்கவிட்டார்.

4. அந்தப் பையை எங்கள் ஆட்கள் தூக்கித் தூக்கி வைத்தார்கள். நாலு வாரம் வைத்தார்கள்.

5. எலும்பு கோணலாகக் கூட ஆரம்பித்தது.

6. ஆபரேஷன் நடந்தது.

7. அக்கா நடந்தாள்.

8. நடக்க முடிந்ததால் போய்விட்டாள்.

இப்படி எழுதிப் பழகிய கை என்னுடையது. தாதிப் பயிற்சியில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது இதுதான்: கண்டதை எழுது, நேரத்தோடு எழுது, நினைத்ததை எழுதாதே. மேலே உள்ள எட்டு வரிகளிலும் நான் நினைத்தது எதுவும் இல்லை. அதற்கு வேறு தாள் வேண்டியிருக்கிறது.

எங்கள் தோட்டம் மஸ்கெலியாவுக்கு மேலே நாலு மைல். லயம் என்கிற வரிசைக் குடியிருப்பில் எங்களுக்கு ஒரு காம்பரா, ஒற்றை அறை. அம்மா, அக்கா, நான். அப்பா இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அவர் ஒரு காரியம் முடித்துவிட்டுப் போயிருந்தார். பழைய பத்திரங்கள் ஒவ்வொன்றையும் தேடிச் சேர்த்து, அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கி, எங்களுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை வாங்கியிருந்தார். நான் தாதிப் பயிற்சிக்கு மனுப் போட முடிந்தது அதனால்தான். அப்பாவின் தங்கையான என் அத்தை வீட்டுக்கு அது கிடைக்கவில்லை. நல்லதண்ணிப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்த அவர்கள், மனு தள்ளுபடியாகி, இந்தியப் பாஸ்போர்ட் எடுத்துவிட்டார்கள். பங்குனியோடு இங்கே தங்க அவர்களுக்கு இருந்த அனுமதி முடிகிறது. அதற்குள் தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பல் ஏற வேண்டும்.

அத்தை மகனுக்குத்தான் அக்காவைப் பேசி வைத்திருந்தது. கல்யாணத்தை முடித்து, அவளையும் கூட்டிக்கொண்டு தலைமன்னாருக்குப் போவதாக ஏற்பாடு. அந்த ஏற்பாட்டை நான் பேச்சில் ஒருபோதும் எதிர்க்கவில்லை. அத்தான் நல்லவர். அதிகம் பேசமாட்டார். அக்காவைப் பார்க்கும்போது தொப்பியைக் கழற்றி வைத்துக்கொள்வார்.

அக்கா எனக்கு ஆறு வயது மூத்தவள். நான் கைப்பிள்ளையாக இருந்தபோது வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விடும் பிள்ளைக் காம்பராவில் விட்டால் ஓயாமல் காய்ச்சல் வந்ததாம். அதனால் அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி என்னைப் பார்த்துக்கொள்ள வைத்தார்கள். பிறகு அவளை யாரும் பள்ளிக்கூடத்துக்குத் திருப்பி அனுப்பவில்லை. மூன்றாம் வகுப்புப் புத்தகம் அவளிடம் வெகுநாள் இருந்தது. அதில்தான் எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். ஒரே கம்பளிக்குள் படுப்போம். பனி நாட்களில் தன் உள்ளங்கால்களை என் கெண்டைக்காலில் வைத்துச் சூடு பிடிப்பாள். ஐஸ் மாதிரி இருக்கும். நான் கத்துவேன். "கத்தாதடி, கொஞ்ச நேரம் தான்" என்பாள்.

அன்று லொறி வந்து நின்றபோது நான் பெண்கள் சத்திரசிகிச்சை வார்டில் வேலையில் இருந்தேன். இரண்டாம் வருடம். ஸ்ட்ரெச்சரில் முதலில் கண்ணில் பட்டது பலகைதான். அதில் மையால் அச்சடித்த எழுத்துகள் இருந்தன: எங்கள் தோட்டத்தின் பெயர், ஒரு பெட்டி எண், எடை. முகத்தைப் பார்க்கும் முன்பே அதைப் படித்துவிட்டேன்.

"ஏய், ஒன் வார்டா இது?" என்றாள் அக்கா. உதடு வெளுத்திருந்தது. "நல்லதாப் போச்சு. வெளியாளுகிட்ட அழ வேண்டியதில்ல."

அவள் அழவும் இல்லை.

தொடை எலும்பு முறிந்தால் நடப்பது இதுதான். தொடைச் சதை வலுவானது. எலும்பு தாங்காத நேரத்தில் சதை சுருங்கும். கீழ்த்துண்டை மேலே இழுக்கும். இரண்டு துண்டுகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். அப்படியே கூடிவிட்டால் கால் குட்டையாகிவிடும். அதனால் சதை அலுத்துப்போகும் வரை எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குத்தான் பை. அது தரையைத் தொடக் கூடாது, கட்டிலைத் தொடக் கூடாது, பகலும் இரவும் தொங்க வேண்டும். பன்னிரண்டு வாரம். வேறு மருந்து இல்லை.

காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் நான் பார்க்க வேண்டியவை நான்கு. ஊசி போன இடத்தில் சீழ் இருக்கிறதா. விரல்கள் சூடாக இருக்கின்றனவா. கயிறு கப்பியில் ஓடுகிறதா. பை தொங்குகிறதா. நான்கு கட்டங்கள் கோடு போட்டு, நான்கிலும் 'சரி' எழுதுவேன். என் அட்டவணை அந்த வார்டிலேயே சுத்தமானது என்று தலைமைத் தாதி மற்றவர்களுக்குக் காட்டியிருக்கிறார். எனக்கு அதில் பெருமை.

முதல் ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்தாள். மஸ்கெலியா வரை நடந்து, ஹட்டனுக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். லயத்துப் பெண்கள் இரண்டு பேர் துணைக்கு வந்திருந்தார்கள். கட்டிலின் கால்மாட்டுக்குப் போனதும் அம்மா நின்றுவிட்டாள்.

"கால்ல மூட்டையக் கட்டித் தொங்க வுட்டிருக்காங்களே! எம் புள்ள யாரு குடியக் கெடுத்துச்சு?"

நான் விளக்கினேன். சதை, எலும்பு, இழுப்பு எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா "சரிம்மா, சரிம்மா" என்று தலையாட்டினாள். கணக்கப்பிள்ளை பேசும்போதும் அவள் இப்படித்தான் தலையாட்டுவாள். அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

மலையில் பெண்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. கூடைக் கயிறு தலையில், பாரம் முதுகில். பிள்ளை உண்டானவளோ, காய்ச்சலோடு வந்தவளோ நிரையில் நின்றால், பக்கத்து நிரைக்காரி கேட்காமலே பின்னால் போய்க் கூடையின் அடியில் கை கொடுத்துத் தூக்கிப் பிடிப்பாள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். கழுத்து நிமிரும், மூச்சு வரும். கங்காணி அந்தப் பக்கம் திரும்பியிருக்கும்போது செய்வது. நன்றி சொல்வதில்லை. முறை வரும்போது திருப்பிச் செய்வார்கள், அவ்வளவுதான். நானும் சின்ன வயதில் அம்மாவின் கூடையை அப்படிப் பிடித்திருக்கிறேன். வார்டில் நீலக் கரைத் தொப்பி போட்டுக்கொண்டு நின்றபோது அது எனக்கு நினைவில்லை.

இரண்டு வாரம் கழித்து எக்ஸ்ரே எடுத்தார்கள். துண்டுகள் இறங்கவில்லை. சர்ஜன் மூன்று றாத்தல் கூட்டினார். நாலு வாரத்தில் மறுபடி எடுத்தார்கள். அவர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பிடித்திருந்தார். ஒன்றரை அங்குலம் ஏறியிருந்தது. சுற்றிலும் புகை மாதிரி புது எலும்பு கட்டத் தொடங்கியிருந்தது. பிறகு என் அட்டவணையை வாங்கிப் புரட்டினார். இருபத்தெட்டு நாள், ஐம்பத்தாறு தடவை, பை சரி. திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த நாள் ஞாயிறு. அந்த மாதத்தில் எனக்குக் கிடைத்த முதல் ஓய்வு நாள். அம்மாவிடம் நானே சொல்லிவிடலாம் என்று பார்வையாளர் நேரத்தில் வார்டுக்குப் போனேன். விடுதியிலிருந்து வந்ததால் முன்வாசல் வழியாகப் போகாமல் பின்விறாந்தை வழியாக நுழைந்தேன். அக்காவின் கட்டில் அந்தக் கோடியில்தான் இருந்தது. குளிருக்காக என்று சொல்லி லயத்துக் கம்பளி ஒன்றைக் கால்மாட்டில் தொங்கவிட்டிருந்தார்கள். அதை நானே அனுமதித்திருந்தேன்.

கம்பளிக்குப் பின்னால் அம்மா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மணல் பை அவள் மடியில் இருந்தது. பிள்ளையை வைத்திருப்பதுபோல் இரண்டு கையாலும் அணைத்திருந்தாள். கயிறு தொய்ந்து கிடந்தது.

அடுத்த கட்டில்காரி, முழங்கை உடைந்து கம்பி வைத்திருந்தவள், முன்வாசலைப் பார்த்தபடி காவல் நின்றிருந்தாள். திரும்பி என்னைக் கண்டதும், "அடி ஆத்தாடி, மிஸ்ஸி பின்னாலேருந்து வந்துருச்சு!" என்று கத்தினாள். பிறகு யாரோ சிரித்துவிட்டார்கள்.

"என்னம்மா இது?" என்றேன்.

"சும்மா இருடி. அவ இப்பத்தான் கண்ண மூடுனா."

"எத்தன நாளா நடக்குது?"

அம்மா பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். அடுத்த கட்டில்காரிதான் சொன்னாள்: "ஒங்கம்மா ஞாயித்துக்கெழம மட்டுந்தான். மத்த நாளு நாங்க மாறி மாறிப் பாத்துக்குறோம். நீங்க காலையில ஆறு மணிக்குப் பாப்பீங்க, சாயங்காலம் ஆறு மணிக்குப் பாப்பீங்க. அஞ்சே முக்காலுக்கு எறக்கி வுட்டுருவோம். மூணு றாத்தல் கூட்டுனப்பதான் கொஞ்சம் சிரமமாப் போச்சு. எனக்கு ஒரு கை தானே? அந்தக் கினிகத்தேனை அம்மாவையும் சேத்துக்கிட்டோம்."

எதிர்க் கட்டிலில் இருந்த சிங்கள அம்மா, அந்தக் கினிகத்தேனை ஊர்க்காரி, வெட்கத்தோடு, "அனே, பவ்" என்றாள். பாவம் என்று அர்த்தம். அவளுக்கும் எனக்கும் இடையில் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

நான் பையை வாங்கி மெதுவாக இறக்கினேன். கயிறு விறைத்தது. அக்கா கண்ணைத் திறக்காமலே படுத்திருந்தாள். தூங்குகிறவள் முகம் எனக்குத் தெரியும். அது தூங்குகிற முகம் இல்லை.

மறுநாள் காலை அவள் முதுகைத் துடைத்துவிடும்போது கேட்டேன்.

"தூக்குனா நல்லாருந்துச்சா?"

"மொத நிமிஷம் நல்லாத்தான் இருக்கும். அப்புறம் சதை கெடந்து துள்ளும் பாரு, உசிரு போயிரும். தொங்கும்போது கூட அப்புடி இல்ல."

"அப்ப ஏன் சொல்லல?"

"அம்மாகிட்டயா? விடியக் கெளம்பி அம்புட்டுத் தூரம் வர்றா. வந்து என்ன செய்வா இங்க? சோறு குடுக்க வுட மாட்டீங்க. தலை சீவ வுட மாட்டீங்க. ஒக்காந்து என் மூஞ்சியப் பாத்தே அழுகணுமா? அது ஒண்ணுதான் அவளுக்குக் கை வேலை."

"மத்தவங்க?"

"அவங்களும் மனசாரத்தான் செய்யிறாங்க. வேணாங்க முடியுதா?"

துடைக்கும் துணியைப் பிழிந்தேன். "கால் கொறஞ்சு போச்சுக்கா. ஒன்றரை அங்குலம்."

"ஒன்றரை அங்குலம்னா எம்புட்டு?" என்றாள். கட்டைவிரலைக் காட்டி, முதல் கணுவுக்கு மேல் கொஞ்சம் என்று சொன்னேன். அவள் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சர்ஜனிடம் போய் உள்ளதைச் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். உன் அட்டவணையை அவர்கள் உன்னைவிட நன்றாகப் படித்திருக்கிறார்கள் என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னார். அது எந்தத் திட்டையும்விட ஆழமாகப் போனது. பிறகு இரண்டு வழிகளைச் சொன்னார்.

ஒன்று, இப்படியே விடலாம். எலும்பு கூடிவிடும். கால் குட்டையாக இருக்கும். நொண்டி நடப்பாள். மலை ஏறுவது கடினம்.

இரண்டு, தொடையைத் திறந்து, கோணலாகக் கட்டிய புது எலும்பை உடைத்து, துண்டுகளை நேராக்கி, எலும்பின் நடுப்பொந்தில் மேலிருந்து கீழாக ஒரு நீண்ட எஃகுக் கம்பியை அடித்து இறக்கலாம். கம்பி கொழும்பிலிருந்து வர வேண்டும். சரியாகப் போனால் மூன்று மாதத்தில் நேராக நடப்பாள். சீழ் பிடித்தால் எலும்பு முழுவதும் போகும். காலே போகலாம்.

கையெழுத்து அம்மாவினுடையது. அவளுக்குச் சொல்ல வேண்டியது நான்.

அதற்குள் விஷயம் அத்தை காதுக்குப் போயிருந்தது. அடுத்த ஞாயிறு அம்மாவோடு அத்தையும் அத்தானும் வந்தார்கள். அத்தை கெட்டவள் இல்லை. ஆனால் மனதில் உள்ளதை வாயில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள்.

"கோவிச்சுக்காதீங்க அண்ணி. அங்க போயி எங்களுக்கு வீடு இருக்கா, நெலம் இருக்கா? ஊருல யாரு மூஞ்சி எங்களுக்குத் தெரியும்? கையும் காலும் தான் எங்க சொத்து. வர்றவ ரெண்டு காலோட வரணும். இல்லாட்டி இங்க ஒங்களோடயே இருந்துக்கட்டும், தங்கச்சி பக்கத்துல இருக்கா, பாத்துக்குவா."

அத்தான் வெளியே வந்து என்னிடம் மட்டும் சொன்னார்: "நானும் ரெண்டு ஞாயித்துக்கெழம வந்து தூக்கிப் புடிச்சேன்மா. வலி கொறையும்னு நெனச்சேன்." தொப்பி அவர் கையில் சுருண்டிருந்தது.

அத்தையும் அத்தானும் போன பிறகு நான் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டேன். இடப்பக்கம் ஆபரேஷன். சீழ். காய்ச்சல். கால் போகலாம். நேராகலாம். பங்குனி. வலப்பக்கம் சும்மா விடுவது. ஒன்றரை அங்குலம். நொண்டல். உயிருக்கு ஆபத்தில்லை. அதற்கு மேல் வலப்பக்கத்தில் ஒரு வரி மீதம் இருந்தது. அதை நான் எழுதவில்லை. எழுதியிருந்தால் இப்படி இருந்திருக்கும்: அக்கா இங்கேயே இருப்பாள்.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுக்கலாம். என் சம்பளத்தில் இருவர் சாப்பிடலாம். அவளுக்கு மிச்ச வகுப்புகளை நான் சொல்லிக்கொடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா வருவாள். விறாந்தைப் படியில் உட்கார்ந்து அக்கா என் தொப்பிக்குக் கஞ்சி போடுவாள். இவ்வளவும் ஒரு நொடியில் எனக்குத் தெரிந்தது, சாமான்கள் அடுக்கிய காம்பரா மாதிரி. எழுதிப் பழகிய மூளை ஆசையையும் அடுக்கித்தான் வைக்கிறது.

அம்மா விறாந்தை வாங்குப் பலகையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீதான் படிச்சவ. கத்தி வைக்கவா வேணாமா, நீ சொல்லு. நீ வேணாம்னா வேணாம்."

அவள் முகம் எந்தப் பதிலுக்குக் காத்திருக்கிறது என்று தெரிந்தது. 'வேணாம்மா' என்று ஒரு சொல் சொன்னால் போதும். அம்மா நிம்மதியாக பஸ் ஏறுவாள். சர்ஜன் வற்புறுத்தமாட்டார். அக்காகூட என்னைச் சந்தேகப்படமாட்டாள். அந்தச் சொல்லில் பொய்யும் இல்லை. ஆபத்து உண்மையானது.

உள்ளே அக்கா அடுத்த கட்டில்காரியோடு ஏதோ பேசிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவள் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. எனக்காக ஒருமுறை அவளை வீட்டில் நிறுத்தியாயிற்று என்று நினைத்தேன்.

"செய்யட்டும்மா," என்றேன்.

அம்மா என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு எழுந்து, "எங்க வைக்கணும்?" என்று கேட்டாள். பெருவிரலில் மை தடவி நானே பிடித்து அமர்த்தினேன். மையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "ஒங்கப்பா இருந்திருந்தா கையெழுத்துப் போட்டிருப்பாரு" என்றாள்.

கம்பிக்கு நீளம் குறிக்க நல்ல காலை அளந்தவளும் நான்தான். ஐந்தாம் நாள் அது ரயிலில் வந்தது. பழுப்புத்தாளில் சுற்றிய, குடைக் கம்பி மாதிரி உள்ளே குழிவான ஒரு பொருள். சொந்தக்காரி என்பதால் ஆபரேஷன் அறைக்குள் விடமாட்டேன் என்று தலைமைத் தாதி சொல்லிவிட்டார். கருவிகளைக் கொதிக்கவைக்கும் அறையில் இருக்கட்டுமா என்று கேட்டேன். சரி என்றார். கம்பியை நானே கொதிக்கும் நீரில் இறக்கினேன். இருபது நிமிடம் என்பது விதி. முப்பது நிமிடம் வைத்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் அதை அடித்து இறக்கும் சத்தம் கேட்டது. தச்சுப் பட்டறையில் கேட்பது மாதிரியேதான் கேட்டது. முதலில் மந்தமாக, எலும்பு இறுக இறுகச் சத்தம் மெலிந்து கூர்மையானது. ஓர் இடத்தில் நின்றது. மீண்டும் தொடங்கியது. நான் எண்ணவில்லை. என் வாழ்க்கையில் எண்ணாமல் விட்ட சில விஷயங்களில் அதுவும் ஒன்று.

பத்து நாள் காய்ச்சல் அட்டையைப் பார்த்தபடி இருந்தேன். ஆறு மணிக்கு மட்டும் இல்லை, நினைத்த நேரமெல்லாம் போய்ப் பார்த்தேன். சீழ் பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்த அம்மாவிடம் ஒரு கிண்ணத்தில் எண்ணெயைக் கொடுத்து, அக்காவின் பாத விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டச் சொன்னேன். வந்தவுடன் பத்து தடவை, போகும் முன் பத்து தடவை. அம்மா அதை ஒரு வேண்டுதல் மாதிரி செய்தாள். அன்றிலிருந்து இன்றுவரை எங்கள் வார்டுக்கு வரும் எந்தத் தாயையும் நான் சும்மா உட்காரவிட்டதில்லை.

மார்கழி நடுவில் அக்கா ஊன்றுகோலில் நின்றாள். தையில் கோலை வைத்துவிட்டு நடந்தாள். ஆஸ்பத்திரிப் பின்படிகளில் நான்தான் பழக்கினேன். ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது உடைந்த கால் முதலில். "இத மறந்தா விழுவ" என்பேன். "நீ இருக்கும்போது நான் ஏன் நெனவு வச்சிக்கணும்?" என்பாள். ஒரு கட்டத்துக்கு மேல் நான் அந்தப் படிகளை விட்டு வேண்டுமென்றே தள்ளி நின்றேன்.

இரண்டு காலையும் அளந்தேன். கால் அங்குலம்தான் வித்தியாசம். யாருக்கும் தெரியாது.

அத்தை பார்க்க வந்தாள். "எங்க, அந்தத் தூண் வரைக்கும் போயிட்டு வா பாப்போம்" என்றாள்.

"ஏன் நாத்தனா, மாடு புடிக்க வந்தியா, மருமகளப் பாக்க வந்தியா?" என்றாள் அம்மா.

அக்கா சிரித்துக்கொண்டே தூண்வரை போய்த் திரும்பினாள். திரும்பும்போது அத்தையின் கண்ணில் நீர் இருந்தது. அவளுக்கும் இந்தப் பெண் வேண்டும் என்றுதான் இருந்திருக்கிறது.

மாசியில் தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டினார்கள். பங்குனி முதல் வாரம் ஹட்டன் ஸ்டேஷனில் தலைமன்னார் போகிற கூட்டத்தோடு நின்றோம். தகரப் பெட்டிகள், பாய்ச் சுருள்கள், கூட்டில் ஒரு கோழி. அக்காவின் கையில் ஒரு காகிதம் கொடுத்தேன். அதில் கம்பியின் நீளம், கனம், வைத்த மாதம், ஒன்றரை வருடத்தில் எடுத்துவிட வேண்டும் என்ற குறிப்பு, எல்லாம் ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதியிருந்தேன். "எந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலயும் இதக் காட்டு. திருச்சியில செய்வாங்க."

"லிஸ்டுக்காரி," என்று என் கன்னத்தைக் கிள்ளினாள்.

ரயில் பெட்டியின் படி உயரம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் யோசித்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வலது காலை முதலில் வைத்து ஏறினாள். நான் சொல்லிக்கொடுத்தபடியே, ஒரு பிழையும் இல்லாமல்.

எல்லாம் சரியாக நடந்தது என்பதுதான் எனக்கு இன்றும் தாங்க முடியாதது. என் தொழிலில் ஒரு வேலை சரியாக முடிந்தால் ஆள் வார்டை விட்டுப் போய்விடுவார். கட்டிலை உதறி, விரிப்பை மாற்றி, அடுத்த ஆளைப் படுக்க வைப்போம். அதைப் பழகியிருந்தேன். அக்காவின் கட்டிலையும் நானே மாற்றினேன். கம்பளி எங்கள் வீட்டுக்குப் போனது. அந்த இரவுகள் குளிர் என்று எனக்குத் தோன்றவே இல்லை, சூடு கேட்டு வரும் கால்கள் இல்லாததுதான் தெரிந்தது.

சில ஞாயிறுகளில் பின்விறாந்தையில் நடந்து வரும் பெண்களின் காலடியைக் கேட்பேன். கால் அங்குல வித்தியாசம் காதுக்குத் தெரியாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் கேட்கிறேன்.

அக்கா போய் நான்கு வருடம் ஆகிறது. பெரம்பலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறார்கள். அத்தானும் அவளும் கூலி வேலைக்குப் போகிறார்கள். ஒரு பெண் குழந்தை. கடிதத்தை அத்தான் எழுதுவார், கடைசி இரண்டு வரி அக்கா எழுதுவாள். கடலைக் கொல்லையில் குந்தி உட்கார்ந்தால் இடுப்புக்குக் கீழே கம்பியின் முனை குத்துகிறது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாள். கம்பியை இன்னும் எடுக்கவில்லை. திருச்சிக்குப் போகச் சொல்லி மூன்று முறை எழுதிவிட்டேன். நீ வந்தால் எடுத்துக்கொள்ளலாம், நீ இல்லாமல் படுக்கமாட்டேன் என்று பதில் வந்தது.

நான் அதே வார்டில் இருக்கிறேன். அம்மா லயத்தில் இருக்கிறாள். பாஸ்போர்ட்டுக்கும் ஒரு மாத லீவுக்கும் எழுதிப் போட்டிருக்கிறேன். லீவு தருவதாகச் சொல்லிவிட்டார்கள். பாஸ்போர்ட் இன்னும் வரவில்லை.